ரமணி தோளைத் தொட்டாள்

குருவுக்கு முள்ளைப் பார்ப்பதுதான் பிழைப்பு. கிள்ளான் செந்தோசாவில், கடை வரிசையின் கோடியில், காடிகளுக்கு, அதாவது கார்களுக்கு, ஏர்கோன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். காலையில் ஷட்டரைத் தூக்கியதிலிருந்து சாயங்காலம் இறக்கும்வரை ஒரு சிவப்புக் குழாய், ஒரு நீலக் குழாய், இரண்டுக்கும் நடுவில் தொங்கும் இரட்டை மீட்டர், இவைதான் அவருக்கு உலகம். முள் நடுங்குவதைப் பார்த்தே எந்தக் காடியில் கேஸ் ஒழுகுகிறது, எதில் கம்பிரஸர் கையை விரிக்கப் போகிறது என்று சொல்லிவிடுவார். முள்ளைப் பார்க்காமல் ஒரு காடியையும் வெளியே அனுப்பியதில்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்வார். உண்மைதான். அவர் பார்க்காமல் விட்டது ஒரே ஒரு முள். அது சில மாதங்களுக்கு முன் தியோமான் தீவுக் கடலுக்கு அடியில், அவருடைய மனைவி ரமணியின் இடுப்போரம் தொங்கிய காற்று மீட்டரின் முள்.

மகள் ஷாமினி போன் செய்தபோது அவர் ஒரு பழைய சாகா காடிக்குக் கேஸ் ஏற்றிக்கொண்டிருந்தார். வெயில் தார் ரோட்டைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. காடிக்காரர் பக்கத்தில் நின்று பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தார்.

“அப்பா, பிஸியா?”

“வேலைதாம்மா. சொல்லு.”

“உங்க மீன் செலக்ட் ஆயிருச்சுப்பா!”

“எந்த மீன்?” என்றார், எந்த மீன் என்று நன்றாகத் தெரிந்துகொண்டே.

“விளையாடாதீங்கலா. வாயில முட்டை வச்சிருக்கிற மீன். தியோமான்ல எடுத்தீங்கள்ல. நான்தான் டைவிங் சொல்லிக்குடுக்கிற விஷ்ணுப்ரியா அக்காவுக்கு அனுப்பினேன். ஞாயித்துக்கிழமை படக் கண்காட்சிக்கு பிரிக்பீல்ட்ஸ்ல ஹால் எடுத்திருக்காங்க. டைவிங் ஃபேமிலி எல்லாரும் வராங்க. உங்க படத்தத்தான் பெருசா ஃபிரேம் போட்டு நடுவுல மாட்டுறாங்களாம். நீங்க கொஞ்சம் பேசணுமாம்.”

“அதெல்லாம் வேணாம்மா.”

“ஏன்ப்பா?”

“அம்மாவுக்குக் கஷ்டமா இருக்கும். அந்த நாள ஞாபகப்படுத்துற மாதிரி.”

“அம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் அனுப்பினேன். அந்த நாள்ல நல்லதுன்னு அது ஒண்ணாச்சும் இருக்கட்டும்னு அம்மாவே சொல்லிட்டாங்க. அம்மா புடவைகூட எடுத்து வச்சிட்டாங்கப்பா.”

“பாஸ், பாஸ்!” என்று காடிக்காரர் தோளை உலுக்கினார். முள் போக வேண்டிய இடத்தைத் தாண்டிப் போயிருந்தது. குரு திடுக்கிட்டு வால்வை மூடினார். தோளை யாராவது தொட்டால் இப்போதெல்லாம் அவர் இப்படித்தான் துள்ளிவிடுகிறார்.

கிள்ளானில் ஏர்கோன் கடைக்காரருக்கும் பள்ளிக்கூடக் கேன்டீன் நடத்துகிற அம்மாவுக்கும் கடலுக்குள் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். சொந்தக்காரர்களும் அதைத்தான் கேட்டார்கள். ரமணியின் அண்ணன் நாகையா ரவாங்கிலிருந்து வரும்போதெல்லாம் இந்தப் பேச்சுத்தான். “நம்ம ஆளுங்க கடலுக்குப் போனா அஸ்தி கரைக்கப் போவாங்க, இல்லாட்டி மீன் வாங்கப் போவாங்க. நீங்க என்னடான்னா குடும்பத்தோட உள்ள எறங்கி மீனப் பார்த்துட்டு வெறுங்கையோட வரீங்களே, என்னா மாப்ள இது?” என்பார். “அண்ணே, அங்க போயி மீனு மொகத்த ஒரு தடவ பார்த்தீங்கன்னா அப்புறம் கொழம்புல கை வைக்க மாட்டீங்க,” என்பாள் ரமணி. அப்படிச் சொல்லிக்கொண்டே அவருக்கு இன்னொரு துண்டு வஞ்சிரத்தை எடுத்து வைப்பாள்.

ஆரம்பித்து வைத்தது ஷாமினி. பல்கலைக்கழகத்தில் டைவிங் கழகத்தில் சேர்ந்து, படித்து முடித்து, சுபாங் ஜெயாவில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தபிறகும் அந்தப் பித்து தெளியவில்லை. ஒரு பள்ளி விடுமுறைக்கு அப்பாவையும் அம்மாவையும் இழுத்துக்கொண்டு போனாள். குரு கரையில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வாழ்நாளெல்லாம் புடவையும் கைலியுமாக அடுப்பங்கரையில் நின்ற ரமணிதான் அந்த ரப்பர் உடுப்பை மூச்சைப் பிடித்து மாட்டிக்கொண்டு, “மாவு மூட்டை கணக்கா இருக்கேன்ல?” என்று சிரித்துக்கொண்டே முதலில் இறங்கினாள். மேலே வந்தபோது அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தைக் கல்யாணத்தன்றுகூட குரு பார்த்ததில்லை. பொறாமையாக இருந்தது. மறுநாள் அவரும் இறங்கினார்.

பிறகு மற்ற குடும்பங்கள் கேமரன் மலைக்குப் போகிற விடுமுறைக்கெல்லாம் இவர்கள் தீவுக்குப் போனார்கள். ரமணி மிளகாய்ச் சம்பலும் இட்லிப்பொடியும் கட்டிக்கொண்டு வருவாள். உப்புத் தண்ணீரில் ஊறிய நாக்குக்கு உறைப்பாக ஏதாவது வேண்டும் என்பாள். படகுக்காரப் பையன்கள் ஆன்டியின் சம்பலுக்காகவே இவர்கள் படகில் ஏறுவார்கள். குருவுக்குக் கேமரா பிடித்துப்போனது. சின்ன ஸ்க்ரூவும் ரப்பர் வளையமுமாகக் கழற்றி மாட்டுகிற சாமான் என்றால் அவர் கை சும்மா இருக்காது. தண்ணீர் புகாத பெட்டி, அதற்கு விளக்கு, அதற்குக் கம்பி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. கூடவே ஒரு சட்டமும் வந்தது.

அந்தச் சட்டம் வந்த கதை இது. ஒரு தடவை பெர்ஹெந்தியான் தீவில் குரு ஓர் இறாலைக் குறிபார்த்துக்கொண்டிருந்தபோது, ரமணி ஆசையாக வந்து தோளைத் தட்டி அங்கே ஆமை போகிறது என்று காட்டினாள். இறால் ஓடிவிட்டது. மனுஷர் ஊர் திரும்பும்வரை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். சாப்பாட்டில் உப்பில்லை என்றார், படகு நாறுகிறது என்றார். கடைசியில் ரமணியே, “சரிங்க, இனிமே நீங்க படம் எடுக்கறப்ப நான் கச்சாவ் பண்ணல,” என்று முடித்து வைத்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அது எழுதாத சட்டம். அப்பா படம் எடுக்கும்போது கச்சாவ் பண்ணக் கூடாது, தொந்தரவு செய்யக் கூடாது. யாராவது கிட்டே வந்தால் குரு திரும்பாமலே இடது உள்ளங்கையைக் காட்டுவார். பொறு என்று அர்த்தம். ரமணி பொறுத்துக்கொள்வாள்.

தியோமானிலும் அப்படித்தான் பொறுத்துக்கொண்டாள்.

அன்றைக்கு ஷாமினி வேறு குழுவோடு ஆழமான பக்கம் போய்விட்டாள். ரமணிக்குத் துணை குரு, குருவுக்குத் துணை ரமணி. கடலுக்குள் யாரும் தனியாகப் போகக் கூடாது, ஒருவர் காற்றை மற்றவர் பார்த்துக்கொள்ள வேண்டும், ஒருவருக்குத் தீர்ந்துபோனால் மற்றவர் தன்னிடமுள்ள இரண்டாவது குழாயை நீட்ட வேண்டும். டைவிங்கில் முதல் பாடமே இதுதான். நீரோட்டம் பலமாக இருந்தது. அதை எதிர்த்து நீந்தியதில் ரமணிக்குக் காற்று சீக்கிரம் இறங்கிக்கொண்டிருந்தது.

குரு ஒரு பாறை இடுக்கில் விரல் நீள மீன் ஒன்றைக் கண்டுவிட்டார். ஆண் மீன். பெண் மீன் இட்ட முட்டைகளை வாய்க்குள் வாங்கி வைத்துக்கொண்டு, அவை பொரியும்வரை தின்னாமல் கிடக்கும். முட்டைகளுக்கு நல்ல தண்ணீர் படட்டும் என்று எப்போதாவது ஒரு கணம் வாயை அகலத் திறந்து மூடும். அந்தக் கணத்தில் பிடித்தால், உள்ளே முத்து முத்தாக முட்டைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு வெள்ளிக் கண்கள் தெரியும். குரு வருஷக்கணக்காகத் தேடிய படம் அது. அவர் மூச்சைக் குறைத்துக்கொண்டு காத்துக் கிடந்தார்.

தோளில் கை பட்டது. குரு உள்ளங்கையைக் காட்டினார்.

கொஞ்சம் பொறுத்து மறுபடியும் பட்டது. இந்தத் தடவை வெறுமனே படவில்லை, ரப்பர் துணியோடு சேர்த்து இறுக்கிப் பிடித்தது. குரு திரும்பவில்லை. மீனின் தாடை அசைய ஆரம்பித்திருந்தது. அவர் உள்ளங்கையை இன்னும் விறைப்பாகக் காட்டினார். பிடி தளர்ந்தது. மீன் வாயைத் திறந்தது. குரு அழுத்தினார்.

படம் விழுந்துவிட்டது என்று தெரிந்ததும் சந்தோஷமாகத் திரும்பினார். ரமணி இருந்த இடத்தில் குமிழிகள் மட்டும் இருந்தன. தலைக்கு மேலே வெகு தூரத்தில் இரண்டு மஞ்சள் துடுப்புகள் தலைதெறிக்க உதைத்துக்கொண்டு வெளிச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன.

அவர் மேலே வந்து சேர்ந்தபோது படகில் ரமணி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். வலது காதிலிருந்து ரத்தம் வழிந்து கழுத்துக்கு இறங்கியது. கண்கள் ஒரு நிலையில் நிற்கவில்லை. படகு வழிகாட்டி அவளுக்கு ஆக்ஸிஜன் முகமூடியை மாட்டிக்கொண்டே, “அங்கிள், ஆன்டி சிக்னல் குடுத்தாங்களா?” என்று கேட்டான்.

“இல்ல,” என்றார் குரு.

யோசித்துச் சொன்ன பொய்யில்லை. வாய் முந்திக்கொண்டது. ஆனால் முந்திய வாயைப் பிறகாவது இழுத்துப் பிடித்திருக்கலாம். ஆஸ்பத்திரி வரை அவ்வளவு தூரம் இருந்தது, நேரமும் இருந்தது. அவர் பிடிக்கவில்லை.

தலைசுற்றல் அடங்கி ரமணி தெளிவாகப் பேச ஆரம்பித்ததும் முதலில் கேட்டது அதைத்தான். ஷாமினி கட்டிலுக்குப் பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

“என்னங்க, நான் உங்களத் தொட்டேன்ல?”

“எப்ப?”

“அடியில. உங்க தோளத் தொட்டேன்ல?”

குரு மகளைப் பார்த்தார். மகள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்லையே ரமணி.”

“தொடலையா?”

“நீ பயந்துட்ட. அப்படியே மேல போயிட்ட. அதிர்ச்சியில மனசு என்னென்னமோ காட்டும்னு டாக்டர் சொன்னாருல்ல.”

ஷாமினிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “ஏம்மா, மீட்டரப் பார்க்க மாட்டீங்களா? அப்பா ஒரு கை தூரத்துல இருந்தாங்க. ஒரு தட்டு தட்டியிருந்தா அவங்க காத்தக் குடுத்திருப்பாங்கள்ல? அவ்ளோ சொல்லிக் குடுத்தேன்!”

“தட்டினேன்னுதான்டி நினைச்சேன்,” என்று ரமணி தலையணையைப் பார்த்துச் சொன்னாள். அவ்வளவு வேகமாக மேலே வந்ததில் அழுத்தம் மாறி வலது காது போய்விட்டது, திரும்ப வராது என்று டாக்டர் சொன்னதற்குக்கூட அவள் அழவில்லை. இதற்கு அழுதாள்.

அதன்பிறகு குரு டைவிங்கை விட்டுவிட்டார். கேமராவைத் துடைத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். நமக்கு நாமே கொடுத்துக்கொள்ளும் தண்டனை என்று நினைத்துக்கொண்டார். அதற்கும் பாவம் ரமணிதான் அழுதாள். தன்னுடைய கவனக்குறைவால் புருஷனுக்கும் ஆசைப்பட்ட ஒன்று போய்விட்டதே என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். அவர் செய்த தப்பும் அவள் தலையில், அவர் கொடுத்துக்கொண்ட தண்டனையும் அவள் தலையில். குருவுக்கு அது தெரியாமலில்லை. தெரிந்துதான் ஒவ்வொரு நாளும் வாயை மூடிக்கொண்டு மூன்று வேளையும் அவள் கையால் சாப்பிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் ரமணி சமையலறைத் தரையில் பேப்பரை விரித்து நெத்திலிக் கருவாட்டைத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் விற்கும் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுக்கு வார வாரம் இந்த வேலை உண்டு. குருவும் எதிரே உட்கார்ந்து கிள்ளினார். வெளியே ஜாலான் மேரு பக்கம் இடி உருண்டுகொண்டிருந்தது, மழை வந்தபாடில்லை.

“என்னங்க.”

“ம்.”

“திங்கட்கிழமை பெரிய டீச்சரப் பார்த்துச் சொல்லிடலாம்னு இருக்கேன்.”

“என்னத்த?”

“கேன்டீன விட்டுர்றேன்னு.”

குருவின் கை நின்றது. அந்தக் கேன்டீன் அவளுக்கு வெறும் வேலை இல்லை. ஷாமினி அங்கே ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் ஒரு தட்டுக் கறிபாப் பலகாரத்தோடு ஆரம்பித்தது. இன்றைக்கு எந்தப் பிள்ளைக்கு உறைப்பு ஆகாது, எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வருகிறது என்று ஆசிரியர்களே அவளைத்தான் கேட்பார்கள்.

“எதுக்கு ரமணி? காதுக்காகவா? அதான் தாமரை கூட நிக்கிறால்ல? பிள்ளைங்க சத்தம் போட்டா அவ பார்த்துக்குவா.”

“காதுக்கு இல்லைங்க. காது போனா போவுது. இன்னொண்ணு இருக்கு.” அவள் ஒரு நெத்திலியைக் கையில் வைத்துக்கொண்டே பேசினாள். “நேத்து சம்பலுக்கு உப்பு போட்டேன். போட்டது கண்ணுல இருக்கு. ஆனா போட்டேனான்னு தாமரையக் கேட்டேன். மறுபடியும் கேட்டேன். அவ ஒரு மாதிரியா பார்க்குறா. கேஸ் அடுப்ப அணைச்சுட்டு வீட்டுக்கு வந்துட்டு, அணைச்சேனான்னு திரும்ப பள்ளிக்கூடத்துக்கு ஓடுறேன்.”

“எல்லாருக்கும் வர்றதுதான். வயசாகுது.”

“உங்களுக்குப் புரியலைங்க. என் கை உங்க தோள்ல பட்டது இன்னும் எனக்குத் தெரியுது. அந்த ரப்பர் வழுக்குச்சு. நான் இறுக்கிப் பிடிச்சேன். நீங்க கையக் காட்டினீங்க. சரி, பொறுப்போம்னு நினைச்சேன். நினைச்சதுகூட ஞாபகம் இருக்கு. அப்படி ஒண்ணு நடக்கவே இல்லன்னா, அடுப்ப அணைச்சேன்னு நான் நினைக்கிறத எப்படி நம்புறது? பிள்ளைங்க இருக்கிற எடம்ங்க. ஏதாச்சும் ஆயிட்டா?”

குரு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். தாகம் இல்லை. உட்கார முடியவில்லை, அவ்வளவுதான்.

“எங்கம்மாவுக்கும் இப்படித்தாங்க ஆரம்பிச்சுச்சு. இல்லாதத இருக்குன்னுவாங்க. கடைசில என்னையே யாருன்னு கேட்டாங்க.”

“டாக்டர்கிட்ட போவோம்.”

“ஷாமினி கூட்டிட்டுப் போனா. எல்லாம் நல்லாருக்குன்னாங்க. அவங்களுக்கு என்னாங்க தெரியும்? அவங்களா கூட இருந்தாங்க? உங்களுக்குத்தானே தெரியும், நான் தொடலன்னு.”

அவள் அதைக் குத்திக் காட்டிச் சொல்லவில்லை. தன்னைவிட அவரை நம்பித்தான் சொன்னாள். குரு கண்ணாடிக் கிளாஸைக் கழுவி, துடைத்து, மறுபடியும் கழுவினார். இப்போது சொல், இப்போது சொல் என்று உள்ளே அடித்துக்கொண்டது. சொன்னால் ஷாமினி என்ன நினைப்பாள், நாகையா என்ன சொல்வார், செந்தோசாவில் எப்படித் தலைகாட்டுவது என்று இன்னொரு பக்கம் இழுத்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல, அந்த இன்னொரு பக்கம்தான் அன்றைக்கும் ஜெயித்தது.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் காடியில் பிரிக்பீல்ட்ஸுக்குப் புறப்பட்டார்கள். ஷாமினி சுபாங்கிலிருந்து ரயிலில் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். ரமணி மயில் கழுத்து நிறப் பட்டுப் புடவை கட்டி, மடியில் கறிபாப் டப்பாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஃபெடரல் ஹைவேயில் பத்து தீகாவைத் தாண்டும்போது தேக்கி வைத்த மழை கொட்ட ஆரம்பித்தது. வாகனங்கள் ஊர்ந்தன.

நம் ஊர்க் காடிகளில் ஓட்டுகிறவர் வலது பக்கம். பக்கத்தில் இருப்பவரின் வலது காதுதான் அவர் பக்கம் இருக்கும். ரமணிக்குப் போனது வலது காது. அவள் இடது பக்கக் கண்ணாடி வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குரு ரோட்டைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தார்.

“ரமணி, நீ தொட்ட. எனக்குத் தெரியும். ரெண்டு தடவையும் தெரியும். நான் திரும்பல. மீனு வாயத் தொறக்கப் போவுதுன்னு நான் திரும்பல. உனக்கு ஒண்ணும் ஆகலை, உன் மூளைக்கு ஒண்ணும் ஆகலை. நான்தான் அயோக்கியன்.”

முழுவதையும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லச் சொல்ல நெஞ்சில் இருந்த பாரம் இறங்குவதுபோலக்கூட இருந்தது. கேட்காத காதுக்குச் சொன்னால் யாருக்குத்தான் பாரம் இறங்காது?

ரமணி ஏதோ அசைவு தெரிந்து திரும்பினாள். “என்னாங்க? மழைல கேக்கல. என்னா சொன்னீங்க?”

“வைப்பர் மாத்தணும்னு சொன்னேன்.”

“ஆமா, தேஞ்சு போச்சு,” என்று அவள் மறுபடி மழையைப் பார்க்கத் திரும்பினாள். குருவுக்குத் தன் முகத்தைக் காடியின் நடுக்கண்ணாடியில் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அதைக் கொஞ்சம் திருப்பி வைத்துவிட்டு ஓட்டினார்.

ஹால் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருந்தது. ரயில் போகும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும். பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் வந்திருந்தன. சுவரெல்லாம் ஆமையும் பவளமும் திருக்கையுமாகப் படங்கள். நடுவில், ஜன்னலளவுக்குப் பெரிய சட்டத்தில், வாயைத் திறந்தபடி அந்த மீன். உள்ளே நூற்றுக்கணக்கான கண்கள். ஹாலில் எங்கே நின்றாலும் அவை பார்ப்பதுபோல குருவுக்குத் தோன்றியது.

ரமணி படத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் விளக்கம் சொன்னாள். “அது பல்லு இல்லடா, முட்டை. அப்பா மீனு வாயில வச்சுப் பாத்துக்குது. பொரியிற வரைக்கும் சாப்பிடாது பாரேன்.” ஒரு பெண் குழந்தை, “பேசவும் பேசாதா ஆன்டி?” என்று கேட்டது. ரமணி விழுந்து விழுந்து சிரித்தாள். ஷாமினியும் சிரித்தாள். குரு தேநீர் வாங்கப் போவதுபோல மூலைக்குப் போய்விட்டார்.

விஷ்ணுப்ரியா மைக்கைப் பிடித்தாள். அந்தக் குடும்பங்களில் பாதிப் பேருக்கு டைவிங் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான், நல்ல பெண், கண்டிப்பானவள். படங்களைப் பற்றிப் பேசிவிட்டுப் பாதுகாப்பைப் பற்றி ஆரம்பித்தாள்.

“நம்ம ரமணி ஆன்டிக்கு நடந்தது உங்க எல்லாருக்கும் தெரியும். ஆன்டி பெர்மிஷன் குடுத்ததுனாலதான் சொல்றேன். பிள்ளைங்களா, நல்லா கேளுங்க. பயம் வந்துட்டா பக்கத்துலயே பார்ட்னர் இருந்தாலும் சிக்னல் குடுக்கணும்னு தோணாது. ஒரே ஒரு தட்டு தட்டியிருந்தா ஆன்டிக்கு இன்னிக்குக் காது இருந்திருக்கும்.”

முன்வரிசையில் இருந்த ரமணி இடது காதைத் திருப்பிக் கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். தன் பேர் வந்ததும், வகுப்பில் பாடம் எழுதாத பிள்ளை கையைத் தூக்குவதுபோல, சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினாள். “ஆமா பிள்ளைங்களா, ஆன்டி மாதிரி பண்ணாதீங்க. ஆன்டி தப்பு,” என்றாள். பிள்ளைகள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். தூக்கிய கையை அவள் உடனே இறக்கவும் இல்லை, எல்லாரும் பார்க்கட்டும் என்று அப்படியே வைத்திருந்தாள்.

அந்தக் கையைத்தான் குருவால் பார்க்க முடியவில்லை.

“இப்ப குரு அங்கிள் இந்தப் படத்த எப்படி எடுத்தார்னு சொல்வார்,” என்று விஷ்ணுப்ரியா மைக்கை நீட்டினாள். கைதட்டினார்கள். குரு வந்து வாங்கிக்கொண்டார். மைக் கீச்சிட்டது.

“இந்த மீனு வாயத் தொறக்குறது அபூர்வம்,” என்று ஆரம்பித்தார். “காத்துக்கிட்டு இருக்கணும். நான் காத்துக்கிட்டு இருந்தேன். அப்ப என் சம்சாரம் தோளத் தொட்டாங்க.”

யாருக்கும் உடனே விளங்கவில்லை. பின்வரிசையில் யாரோ தேநீரை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“சிக்னல் குடுக்கலன்னு இப்ப சொன்னாங்க. குடுத்தாங்க. முதல்ல தொட்டாங்க, நான் பொறுன்னு கையக் காட்டினேன். மறுபடி இறுக்கிப் பிடிச்சாங்க, அப்பவும் கையத்தான் காட்டினேன். திரும்பியிருந்தா காத்து குடுத்திருப்பேன். திரும்பினா படம் போயிரும். அதனால திரும்பல. போட்ல கேட்டப்ப இல்லன்னு சொன்னேன். ஆஸ்பத்திரியில அவங்களே கேட்டாங்க, அப்பவும் இல்லன்னேன். பயந்தது அவங்க இல்ல, நான்தான். இந்தப் படம் அப்படி எடுத்ததுதான்.”

மைக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். வெளியே ஒரு ரயில் போனது, கண்ணாடி அதிர்ந்து ஓய்ந்தது.

குரு மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்துப் பேசியதில் சத்தம் அறையில் மோதித் திரும்பி ரமணிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எல்லார் முகமும் மாறியது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. பக்கத்தில் இருந்த ஷாமினியின் கையைப் பிடித்து, “என்னாடி சொன்னாரு? ஏன் எல்லாரும் ஒரு மாதிரி இருக்காங்க? என்னாச்சு?” என்று கேட்டாள்.

ஷாமினி அம்மாவின் காதருகே குனிந்தாள். வாயைத் திறந்தாள். முடியவில்லை. நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை மகளிடமிருந்து வாங்கியதே இல்லை அவர்.

“நீங்களே வந்து சொல்லுங்கப்பா,” என்றாள். “இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க.”

குரு நடந்து போய் ரமணியின் இடது பக்கம் முட்டி போட்டார். மைக் இல்லாமல், அவள் காதுக்கு நேராக, மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, அவள் அறைந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று முகத்தை அப்படியே வைத்திருந்தார்.

ரமணி அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கையை நீட்டி அவர் தோளில் வைத்தாள்.

“இங்கயா?”

“ஆமா.”

“இறுக்கிப் பிடிச்சேனா?”

“பிடிச்ச.”

“நீங்க கையக் காட்டினீங்க.”

“காட்டினேன் ரமணி.”

அவள் கையை எடுத்துக்கொண்டாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தாள். “ஷாமினி, கேட்டியாடி? நான் தொட்டேன். நான் சொன்னேன்ல? ரப்பர் வழுக்குச்சுன்னு சொன்னேன்ல? எல்லாம் நடந்துச்சுடி. எல்லாம் சரியாத்தான் ஞாபகம் இருக்கு எனக்கு!” என்று மகளைக் கட்டிக்கொண்டாள். ஷாமினி, “சாரிம்மா, சாரிம்மா,” என்று தேம்பினாள். “நீ எதுக்குடி சாரி? நான் தொட்டேன்டி!” என்று ரமணி அவள் முதுகைத் தட்டினாள்.

குரு முட்டி போட்டபடியே இருந்தார். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று அவள் கேட்பாள் என்று நினைத்து, சொல்ல வேண்டியதை எத்தனையோ நாளாக மனதில் அடுக்கி வைத்திருந்தார். அவள் கேட்கவே இல்லை. அவள் திட்டியிருந்தால், அழுது ஒப்பாரி வைத்திருந்தால் தாங்கியிருப்பார். இந்தச் சந்தோஷத்தைத்தான் தாங்க முடியவில்லை. ஒரு வார்த்தையில் கொடுத்திருக்கக்கூடிய இதை இத்தனை மாதமாகப் பிடித்து வைத்திருந்தோமே என்று அவருக்கு உறைத்தது.

ரமணி எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு நேரே விஷ்ணுப்ரியாவிடம் போனாள். “அம்மாடி, அந்தப் பாடத்தக் கொஞ்சம் மாத்திச் சொல்லிடு. நான் தட்டினேன். பிள்ளைங்ககிட்ட சொல்லிடு, ஆன்டி தட்டினாங்கன்னு,” என்றாள். விஷ்ணுப்ரியா தலையை ஆட்டினாள். ரமணி அங்கே நிற்கவில்லை. படத்தின் அருகே நின்றவர்களிடம் போய் அதையே சொன்னாள். தேநீர் ஊற்றுகிற பெண்ணிடமும் சொன்னாள்.

குரு எழுந்து கறிபாப் டப்பாவை எடுத்து மூடினார். யாரும் அவரிடம் பேசவில்லை, அவரும் யாரையும் பார்க்கவில்லை. புறப்படுகிற நேரத்தில் ரமணி மகளிடம், “அப்பா காடிய எடுத்துட்டு வரட்டும். நான் உன்கூட ரயில்ல வரேன்,” என்றாள். அவரைப் பார்த்துச் சொல்லவில்லை.

மாடிப்படியில் அவள் முன்னால் இறங்கிக்கொண்டிருந்தாள். போனை இடது காதில் வைத்து, கேன்டீனில் கூட வேலை செய்கிற தாமரையிடம் சத்தமாகப் பேசிக்கொண்டே போனாள். குரு மேல்படியில் டப்பாவோடு நின்று கேட்டார்.

“தாமரை, நாளைக்கு சம்பலுக்கு நான் வந்துதான் உப்பு போடுவேன், நீ போட்டுறாத. என்னா? இல்லடி, விடல. யாரு சொன்னா விடுறேன்னு? நான் நல்லாத்தான்டி இருக்கேன். நான் தொட்டேனாம். அவரே சொல்லிட்டாரு.”